பச்சை என்று நான் சொன்னதற்கு நீ மட்டும்தான் சாட்சி

என் தங்க மச்சான் தனபாலுக்கு,

உன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து உனக்கு மாமாவாக இருக்கிறவன் எழுதுகிறேன். நலமா என்று கேட்கமாட்டேன். நீ இருக்கிற இடத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்காது என்று நம்புகிறேன். அங்கே தொலைக்காட்சி உண்டா என்பதுதான் என் சந்தேகம். இருந்தால் நடந்ததை நீயே பார்த்திருப்பாய். பார்த்திருந்தாலும் இந்தக் கடிதத்தைப் படி, ஏனென்றால் தொலைக்காட்சியில் பாதியைத்தான் காட்டினார்கள்.

உன் முதல் வருஷத் திதிக்குப் பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி எழுதலாம் என்றாள் உன் அக்கா. நாலு வரிக்குள் எனக்குத் தும்மக்கூட வராது என்பது உனக்குத் தெரியும். நேராக ஆசிரியருக்கே போன் போட்டேன். என் தமிழைக் கேட்டு அவர் அசந்துபோய், "ஐயா, ஒரு பக்கம் முழுசா ஒங்களுக்குத்தான்" என்றார். சரி, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். "கொஞ்சம் சுருக்கமா எழுதுங்க ஐயா" என்றுதான் சொன்னார்.

முதலில் ஊர்ச் செய்தி. காதர் பாய் தன் சாப்பாட்டுக் கடைக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்கிவிட்டார். பாதிச் சுவரை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. வினாடி வினா நடத்துகிறவர் காலையில் ஒழுங்காகச் சவரம் செய்தாரா இல்லையா என்பது வரைக்கும் தெரிகிறது. உன் நாற்காலியில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஏர்கோன் தண்ணீர் இன்னமும் அந்த நாற்காலியின் மேல்தான் சொட்டுகிறது, அதுவே பார்த்துக்கொள்கிறது.

துணித் தொழிற்சாலை பஸ்ஸை நான்தான் இன்னும் ஓட்டுகிறேன். பஸ்ஸில் இப்போது நேப்பாளப் பிள்ளைகள் அதிகம். அவர்களோடு பேசிப் பேசி எனக்கு நேப்பாள மொழி சரளமாக வந்துவிட்டது. ஒரு சொல். 'இறங்கு.' நீ வேலை செய்த சாயப் பிரிவுக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. பொத்தானைத் தட்டினால் நிறம் வருகிறதாம். நீ விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஆகணும்" என்று சொல்வாயே, அதைச் சொல்ல அந்த இயந்திரத்துக்கு வாய் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களை நினைத்துப் பார்க்கிறேன். கேள்வி திரையில் வரும். நாலு பதில் வரிசையாக விழும். போட்டியில் நிற்கிறவர் வாயைத் திறப்பதற்குள் பாய் கடையே கத்தும். நீ மட்டும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புவாய். "மாமா, நீங்க மொதல்ல சொல்லுங்க" என்பாய்.

ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்றார்கள். சிட்னி என்றேன். என் சித்தப்பா மகன் அங்கே ஏழு மாடி வீடு கட்டி வாழ்கிறான், எனக்குத் தெரியாதா? நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, கான்பெரா என்றாய். ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது என்றார்கள். தண்ணீர் என்றேன். நீ கொழுப்பு என்றாய். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்றார்கள். எட்டு என்றேன், கைக்கு ஒன்று வேண்டாமா? நீ மூன்று என்றாய். எல்லாவற்றிலும் நீ சொன்னதுதான் சரியாக இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பாய் சொன்னார், "மாமா சொல்றது எப்பவும் சரிதான். ஆனா வேற ஏதோ கேள்விக்கு லா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அக்காள் புருஷனை முதலில் பேசவிட்டுப் பிறகு தான் பேசுகிற மச்சினன் இந்த ஜொகூர் மாநிலத்தில் எத்தனை பேருக்குக் கிடைப்பான்? அந்த மரியாதைக்காகவே நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன்.

இனி உன் மகளின் விஷயம்.

நீ படுக்கையில் விழுந்ததும் ரூபிணி கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டாள் என்பது உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்கிறேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்த அடுத்த வருஷம் வரவில்லை, மச்சான். ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தாள். வார இறுதியில் நம் ஊர் பத்து பாகாட்டுக்கு வருவாள். சாப்பிடும்போதே தூங்குவாள். படிப்பைப் பற்றி நாங்களும் கேட்பதில்லை, அவளும் பேசுவதில்லை.

அப்போதுதான் நாம் பார்த்த அதே நிகழ்ச்சியில், படிப்பை விட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சுற்று வைத்தார்கள். கடைசிக் கேள்வி வரை தாண்டினால் மிச்சப் படிப்பு முழுவதையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். நடுவில் தவறினால் ஒரு பரிசுக் கூடையும் கைகுலுக்கலும். ரூபிணி எங்களிடம் சொல்லாமலே மனுப் போட்டு, தேர்வாகியும்விட்டாள். பிறகு வந்து என் முன்னால் நின்றாள்.

"மாமா, ஒரே ஒரு தடவ வெளியில யாருக்காச்சும் போன் போட்டு கேக்கலாம். ஒங்க பேர குடுத்திருக்கேன். சரியா?"

நீ என்னை மாமா என்றாய், அவளும் மாமா என்கிறாள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குரல். அன்று சாயங்காலத்துக்குள் பத்து பாகாட் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி மட்டும்தான் வைக்கவில்லை. நேப்பாளப் பிள்ளைகளுக்கும் சொன்னேன், அவர்கள் கைதட்டினார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கவும் செய்தார்கள்.

உன் அக்கா கெம்போங் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரொம்ப ஆடாதீங்க. அவ ஒங்க பேர ஏன் போட்டான்னு தெரியுமா?"

"தெரியாம என்ன. பொது அறிவு."

"தனா சொல்லிட்டுப் போயிருக்கான். ரெண்டு பதில்ல தடுமாறுனா மாமாவ கேளு, அவரு எத சொல்றாரோ அத விட்டுட்டு மத்தத எடுன்னு. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட அவரு சரியா சொன்னது இல்லயாம்."

"ஒரு தடவகூடவா?"

"நானும் யோசிச்சிப் பாத்துட்டேன்," என்று மீனைத் திருப்பிப் போட்டாள். "இந்தா, இந்தத் தலைய வெளிய பூனைக்குப் போட்டுட்டு வாங்க."

மச்சான், நான் மீன் தலையோடு பின்வாசலில் நின்றேன். பூனை வந்து தின்றுவிட்டுப் போயும் நின்றேன். 'மாமா, நீங்க மொதல்ல சொல்லுங்க' என்று எத்தனை சனிக்கிழமை சொன்னாய். அது மரியாதை இல்லையா? நான் சொன்னதை அடித்துவிட்டு மிச்சத்தில் தேடினாயா? ஏன் ஒரு நாள்கூட என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை?

பஸ்ஸில் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே உட்கார்ந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. ஒரு காசைச் சுண்டிவிட்டுப் பதில் சொன்னால்கூட இரண்டில் ஒரு தடவை சரியாக வரும். காசுக்கே அப்படி. நான் ஒரு மனிதன், இத்தனை வருஷம் ஒரு தடவைகூடப் பிசகாமல் தப்பாகவே சொல்லியிருக்கிறேன். அதற்கு எவ்வளவு திறமை வேண்டும்? ஊருக்கு ஒருவன் கிடைப்பானா? நீ அந்தத் திறமையைக் கண்டுபிடித்து, ஒரு சொத்தைப்போலப் பிள்ளைக்கு விட்டுப் போயிருக்கிறாய். கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ரூபிணியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தால், போனில் அவள் குரல் மாறிவிடும்.

நிகழ்ச்சிப் பதிவு கோலாலம்பூரில். நான் மத்தியானம் பஸ்ஸைத் தொழிற்சாலைக்குப் பின்னால் மரத்தடியில் நிறுத்தி, ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேர்வையில் குளித்தேன். போன் அடித்தது.

நடத்துகிறவரின் குரல். "வணக்கம் ஐயா. ரூபிணி கடைசிக் கேள்வியில நிக்கிறாங்க. ஒங்களுக்கு அரை நிமிஷந்தான்."

பிறகு அவள். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கியது. "மாமா, லாட நண்டு இருக்குல, பெலாங்காஸ், வால் ஊசி மாதிரி நீட்டா இருக்குமே. அதோட ரத்தம் காத்து பட்டா என்ன கலரா ஆவும்? ரெண்டு பதில எடுத்துட்டாங்க. இப்ப நீலமும் பச்சையுந்தான் இருக்கு."

மச்சான், உனக்கு ஞாபகம் வந்துவிட்டதா?

பொந்தியானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இறால் வாங்கலாம் என்று மீனவர்கள் குடியிருக்கிற ஒரு கம்பத்தில் வண்டியை நிறுத்தினோமே. படகுத்துறையில் ஒரு சீனக் கிழவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். வலையில் ஒரு பெலாங்காஸ் மாட்டியிருந்தது. லாரிச் சக்கரம் அளவு. சரி, நீ பக்கத்தில் நின்றாய், சாப்பாட்டுத் தட்டளவு. கிழவர் இழுத்த வேகத்தில் அதன் கால் ஒன்று பிய்ந்து, இரத்தம் என் கல்யாணச் சட்டையில் வந்து தெறித்தது. முதலில் வெறும் தண்ணீர்போல இருந்தது. துடைக்கக் கைக்குட்டையை எடுப்பதற்குள் அது மெல்ல மெல்ல நீலமாக மாறியது. நீ இறாலை மறந்துவிட்டு என் வயிற்றுக்கு நேரே குனிந்து அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாய். "மாமா, இந்த நீலம் நம்ம தொட்டியில வராது. எத்தன தடவ முக்குனாலும் வராது" என்றாய்.

அந்தக் கதையை நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். ஆனால் சொல்லச் சொல்ல நண்டு முதலையாகிவிட்டது. தெறித்த இரத்தம் என் தொடையிலிருந்து வந்த சிவப்பு இரத்தமாகிவிட்டது. ரூபிணி சின்ன வயதிலிருந்து கேட்டது முதலைக் கதையைத்தான். நீலத்தைப் பார்த்தவர்கள் நீயும் நானும்தான். ஒரு பொழுதும் நிஜத்தைச் சொல்லாததில் இப்படியும் ஒரு லாபம் இருந்திருக்கிறது.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு கேள்விக்குச் சரியான பதில் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கண்ணால் பார்த்த பதில். சட்டையில் போட்டுக்கொண்ட பதில். கோலாலம்பூரில், கேமரா முன்னால், நாடு முழுவதும் கேட்கப் போகிற பதில். பாய் கடை கேட்கும். உன் அக்கா கேட்பாள். நீலம் என்று ஒரு வார்த்தை சொன்னால், ஜென்மத்துக்கும் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

ஆனால் நான் நீலம் என்று சொன்னால் அவள் பச்சையை எடுப்பாள். அப்பன் சொல்லிக்கொடுத்தது அப்படி.

"பச்சைம்மா," என்றேன்.

"உறுதியா மாமா?"

"நூத்துக்கு நூறு. நான் பொந்தியான்ல கையாலயே புடிச்சிருக்கேன். பாசி திங்கிற சாதி அது, பச்சையாத்தான் இருக்கும். வெட்டுனா பாண்டான் எலச் சாறு மாதிரி ஊத்தும். அந்த நீலம் கீலம்லாம் படிச்சவன் போடற தூண்டிலு, சிக்கிடாத. கண்ண மூடிட்டு பச்சைய..."

போன் அறுந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டேனோ? பொந்தியான் என்றேன், கையால் பிடித்தேன் என்றேன். மாமா கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார் என்று இந்த ஒரு தடவை மட்டும் நம்பிவிட்டால்? இத்தனை வருஷம் யாராவது என்னை நம்ப மாட்டார்களா என்று ஏங்கியவன், அந்தப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, 'என்னை நம்பிடாத தாயி, நம்பிடாத' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திருப்பிக் கூப்பிட வழியில்லை. பதிவு முடியும்வரை போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தாள்.

தொழிற்சாலை விட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு நிறுத்தத்தை மறந்து தாண்டிவிட்டேன். அவர்களே எனக்கு நேப்பாள மொழியில் 'இறங்கு' என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதாகப் போயிற்று. பஸ்ஸை விட்டுவிட்டுப் பாய் கடைக்குப் போனேன். அன்றைக்கு உன் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். தலையில் சொட்டியது, துடைக்கவில்லை.

"என்ன மாமா, சத்தத்தையே காணோம்?" என்றார் பாய். "ஒடம்பு சொகம் இல்லயா?"

"ஒண்ணும் இல்ல பாய். ஒரு தே ஓ போடுங்க."

"சீனி?"

"தெரியல பாய்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தெரியல என்று நான் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

இருட்டுகிற நேரத்துக்குப் போன் வந்தது. ஒரு பெருமூச்சு, ஓர் அழுகை, ஒரு சிரிப்பு. எது முன்னால் வந்தது என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை. "மாமா, கெடைச்சிருச்சி மாமா. நீலம். அதோட ரத்தத்துல செம்பு இருக்காம், அதான் நீலமாம்."

"அலமாக்," என்றேன். "நான் பச்சைன்னுல்ல சொன்னேன்?"

அவள் சிரிப்பு நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள், "ஒங்க கொரல கேட்டதும் ஒரு தைரியம் வந்திச்சி மாமா. அந்தத் தைரியத்துல குருட்டாம்போக்குல அடிச்சிட்டேன். நீங்க மட்டும் போன எடுக்கலன்னா அவ்ளோதான்."

உன் மகள் உன்னைப்போலவே மரியாதையாகப் பொய் சொல்கிறாள், மச்சான். நான் அதை அப்படியே வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அவளும் பொய் சொன்னாள், நானும் சொன்னேன். எனக்கு என்னவோ இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டதுபோல இருந்தது.

ஒளிபரப்பான சனிக்கிழமை பாய் கடையில் நிற்க இடமில்லை. கூட்டம் பத்து பாகாட்டைத் தாண்டி ஆயர் ஈத்தாம் வரைக்கும் போனது. சரி, கடை வாசலில் இருக்கும் ஐந்தடி நடைபாதை வரைக்கும். 'பாண்டான் எலச் சாறு மாதிரி ஊத்தும்' என்று என் குரல் வந்தபோது கடையே குலுங்கியது. ரூபிணி நீலத்தைத் தொட்டதும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாய் கல்லாவை விட்டு வந்து என் தோளில் தட்டினார். "மாமா, அளந்தாலும் எவ்ளோ சுத்தமா தப்பா அளக்குறீங்க. ஒங்கள அருங்காட்சியகத்துல வெக்கணும் லா." இப்போது ஊரில் எனக்குப் பச்சை மாமா என்று பெயர். சந்தையில் மீன் விற்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். பெயர் வருவதென்றால் எந்த வழியில் வந்தால் என்ன?

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். உன் அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பொந்தியான் கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போன வெள்ளச் சட்டையில ஒரு நீலக் கறை இருந்திச்சே. எவ்ளோ தொவைச்சும் போவலயே. அது என்னா?"

"தனா கை பட்டது. சாயத்தொட்டிக் கறை."

"கல்யாணத்துக்கு வந்தவன் சாயத்தொட்டியவா தூக்கிட்டு வந்தான்?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தட்டிலிருந்த பொரித்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறானே, பிள்ளை படித்துவிட்டால் என்ன ஆகும் என்று நீ அங்கே பதறுவாய். பதறாதே. படிப்பாள். படித்துவிட்டு அத்தைக்குப் போன் போட்டு, "அத்தை, மாமா ஆரம்பிச்சிட்டாரு, இப்ப எல்லாம் தெரிஞ்சே தப்பா சொன்னாராம்" என்று சிரிப்பாள். பாய் இந்தப் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைத்துச் சிரிப்பார். ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் நிஜத்தை வைப்பதற்கு என் வாயைவிடப் பத்திரமான இடம் கிடையாது. நீ ஒருவன் நம்பினால் போதும். நீதானே என் சட்டையைக் குனிந்து பார்த்தவன்.

ரூபிணி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். போன வாரம் போன் போட்டாள். "மாமா, ரெண்டு ரூம் பாத்திருக்கேன். ஒண்ணு ஆத்துப் பக்கம், பெருசா இருக்கு. ஒண்ணு கடைக்கு மேல, சின்னது. எத எடுக்க?" நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஆற்றங்கரை வீட்டுச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் வந்துபோன கோடு இருந்தது. மேலே புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள், இருந்தாலும் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி அவளுக்குப் போன் செய்தேன். "ஆத்துப் பக்கந்தாம்மா. காத்து அப்படி வருது. ராஜா வீடு மாதிரி. யோசிக்கவே யோசிக்காத" என்றேன். மறுநாளே கடைக்கு மேலே குடிபோய்விட்டாள்.

இனிமேலும் கேட்பாள், மச்சான். எந்த வேலைக்குப் போக, எந்த ஊரில் இருக்க, நாளைக்கு இரண்டு பையன்கள் வந்து நின்றால் எவனைக் கட்ட என்றுகூடக் கேட்பாள். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எப்போது கூப்பிட்டாலும் என் போன் எடுக்கப்படும். நான்தான் முதலில் சொல்வேன், உரக்கச் சொல்வேன், கையால் பிடித்தேன் என்று சொல்வேன். பதில் தெரிந்தால் தப்பாகச் சொல்வேன். தெரியாவிட்டால் வழக்கம்போலச் சொல்வேன். எப்படியும் உன் பிள்ளை சரியான பக்கம்தான் போவாள்.

உன் அக்காள் புருஷன்,
உன் மகளுக்கும் மாமா,
பத்து பாகாட் வேலு